மூன்றாவது பேட்டரி வாங்குவதற்கு முன்

எட்டு மாதத்தில் இரண்டு பேட்டரி. முதலாவதை மாற்றியபோது கார் பட்டறை போர்மேன் சொன்னது: "நம்ம ஊரு வெயிலுக்கு ரெண்டு வருஷம் ஓடினாலே பெருசும்மா." நம்பினேன். இரண்டாவது போட்டு நாலு மாதம்கூட ஆகவில்லை. பள்ளி விடுமுறையில் மூன்று நாள் கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடிக்குக் கீழே கார் சும்மா நின்றது. நாலாம் நாள் சாவியைத் திருப்பினால் "டிக் டிக்" சத்தத்தோடு சரி.

"வேற பிராண்டு போட்டுப் பார்ப்போமா?" என்றார் அதே போர்மேன். இன்னொரு 220 வெள்ளி. அப்போதுதான் லிப்ட் பழுது பார்க்கும் என் தம்பிக்குப் போன் போட்டேன். "பேட்டரி சாகலக்கா. ராத்திரியில யாரோ அதைக் குடிக்கிறாங்க. யாருன்னு பாரு" என்றான்.

முதலில், கெட்டது பேட்டரியா காரா என்று பிரிக்க வேண்டும். அதற்கு 10ஆம் நம்பர் ஸ்பானர் ஒன்று போதும். பேட்டரியை முழுசாகச் சார்ஜ் செய்து, நெகட்டிவ் கேபிளை மட்டும் கழற்றி ஓரமாக ஒதுக்குங்கள். வழக்கமாக எத்தனை நாளில் படுத்துவிடுமோ அத்தனை நாள் அப்படியே விடுங்கள். திரும்ப மாட்டியதும் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனால் பேட்டரி மேல் பழி இல்லை. என்னுடையது மூன்று நாள் கழித்தும் முதல் திருப்பிலேயே எழுந்தது. 440 வெள்ளியை நினைத்து வயிறு எரிந்தது.

அடுத்து ஒரு மல்டிமீட்டர். பூடு ஜாலான் பாசாரில் எலக்ட்ரானிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நான் 35 வெள்ளிக்கு வாங்கினேன். என்ஜின் அணைந்து சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி தீர்ந்தது. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அதுவும் 12 சொச்சத்திலேயே நின்றால், என்ஜின் ஓடும்போது பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை, நேராகப் பட்டறைக்குப் போங்கள். ஓடும் என்ஜினில் பேட்டரி கேபிளைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வித்தையை யாராவது காட்ட வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். கம்ப்யூட்டர் வைத்த காரில் அது வேறு செலவை இழுத்து வைக்கும்.

இனி ராத்திரியில் கரண்டைக் குடிக்கும் திருடனைப் பிடிக்கும் வேலை. வளையல், மோதிரம், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் முதலில் கழற்றி வையுங்கள். பாசிட்டிவ் முனைக்கும் கார் இரும்புக்கும் நடுவே தங்க வளையல் மாட்டினால் கையோடு பழுத்துவிடும்.

கண்ணாடியை இறக்கிவிட்டு, சாவியை எடுத்துவிடுங்கள், கதவு பூட்டிக்கொண்டால் கை விட வழி வேண்டுமே. ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்து, கதவின் பூட்டுக் கொக்கியை ஸ்குரூ டிரைவரால் தள்ளி மூடுங்கள். கதவு மூடியதாகக் கார் நம்பி விளக்கை அணைத்துவிடும். சில கார்களில் கதவுச் சட்டத்தில் சின்னப் பொத்தான் இருக்கும், அதை அமுக்கி டேப் ஒட்டினால் போதும். முடிந்ததும் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவிக்காமல் கதவைச் சாத்தாதீர்கள்.

மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். காருக்குப் போகும் கரண்ட் முழுக்க இனி மீட்டர் வழியாகத்தான் போகும். இந்த நிலையில் சாவியைத் தொடவே கூடாது. வேலை முடிந்ததும் ஒயரை வோல்ட் துளைக்கு மாற்ற மறக்காதீர்கள். நான் மறந்து அப்படியே பேட்டரியில் வைத்தேன். ஒரு பொறி, மீட்டருக்குள் ஃபியூஸ் காலி, தம்பியிடம் திட்டு.

முதலில் எண் பெரிதாகக் காட்டும், பயப்பட வேண்டாம். காரின் கம்ப்யூட்டர்கள் தூங்க அரை மணி ஆகலாம். மாமாக் கடையில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வாருங்கள். வந்து பார்க்கும்போது 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் சரி. எனக்கு 0.43.

சின்ன எண்தான். ஆனால் ஒரு நாளைக்கு 24 மணி நேரம். பெருக்கினால் பத்து ஆம்பியர்-மணிக்கு (Ah) மேல் போகிறது. என் காரில் இருப்பதோ 35 ஆம்பியர்-மணி பேட்டரி, மூன்று நாளில் கதை முடிந்தது. தினமும் ஓட்டும்போது ஏன் தெரியவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது: ராத்திரி போனதை ஆல்டர்னேட்டர் பகலில் திரும்ப ஏற்றிவிடும்.

இனி ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவது. பெட்டியை முதலில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கழற்று, எண்ணைப் பார், அதே இடத்தில் திருப்பிச் செருகு. என்ஜின் பக்கம் ஒரு பெட்டி, டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பெட்டி. எனக்குக் கீழ்ப்பெட்டியில், நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸ் வெளியே வந்ததும் 0.43 சட்டென்று 0.02 ஆனது. மூடியில் உள்ள படத்தைப் பார்த்தால்: ரேடியோ.

பழைய ஓனர் மாட்டிய ஆண்ட்ராய்டு பிளேயர். திரை இருட்டாகத்தான் இருந்தது, ஆனால் தொட்டால் இளஞ்சூடு. தம்பியும் நானும் அதை வெளியே இழுத்தோம். பின்னால் மஞ்சள் ஒயரும் சிவப்பு ஒயரும் சேர்த்து முறுக்கி, மேலே ஒரே கறுப்பு டேப். டேப்பின் பசை வெயிலில் உருகி விரலில் பாகு மாதிரி ஒட்டியது. மஞ்சளுக்கு எப்போதும் கரண்ட் இருக்க வேண்டும், நேரத்தையும் அமைப்புகளையும் நினைவில் வைக்க. சிவப்புக்கு சாவி திருப்பினால் மட்டும். இரண்டையும் சேர்த்தால் பிளேயருக்குத் தூக்கமே கிடையாது. சரியான ஒயரைத் தேடச் சோம்பல்பட்டு யாரோ செய்த குறுக்குவழி. சிவப்பைப் பிரித்து, சாவியை எடுத்தால் கரண்ட் நிற்கும் சிகரெட் லைட்டர் இணைப்போடு ஒரு ஃபியூஸ் வைத்துச் சேர்த்தோம்.

செகண்ட்ஹேண்ட் காரில் கம்பெனி கொடுத்ததைவிட, பிறகு சேர்த்ததைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்: அலாரம், டேஷ்கேம், ஆம்ப்ளிஃபயர். டோலுக்காகக் கண்ணாடியில் ஒட்டிய ஸ்மார்ட்டேக்கை விட்டுவிடுங்கள், அது தன் சொந்த பேட்டரியில் ஓடுவது. பின்னால் சாமான் வைக்கும் பூட்டின் விளக்கு அணைகிறதா என்று தெரிய, போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள்.

எல்லா ஃபியூஸையும் கழற்றியும் எண் இறங்கவில்லையா? ஆல்டர்னேட்டருக்குள், கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் டயோடு கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். அதை நான் கையில் எடுக்க மாட்டேன், போர்மேனிடமே விடுவேன். ஆனால் "பேட்டரி வீக்கு" என்று போய் நிற்காதீர்கள், பேட்டரியைத்தான் மாற்றுவார். "எல்லா ஃபியூஸும் கழட்டிட்டேண்ணே, இன்னும் 0.3 போய்க்கிட்டே இருக்கு" என்று சொல்லுங்கள்.