வீட்டு வேலைக்குக் கணக்கு எழுதுவது எப்படி: தாராவி இட்லிக்காரியின் நோட்டு

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். செல்போனிலும் எழுதலாம்தான், ஆனால் மாவுக் கையோடு போனைத் தொட முடியாது. என் நோட்டு அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது.

மும்பை தாராவியில் 22 வருடமாக இட்லி அவிக்கிறேன். வீட்டுக்காரர் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் மாட்டுங்கா பக்கம் விற்றுவிட்டு வருவார். "அவருக்குத் தினமும் ஆயிரம் ரூபாய் வருமானம்" என்றுதான் எங்கள் சாலில் (ஒற்றை அறை வீடுகளின் வரிசையில்) பேச்சு. "நீ என்ன பண்றே?" என்று யாராவது கேட்டால், "வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

முதல் வாரம் நேரத்தை மட்டும் எழுதுங்கள், பணத்தைத் தொடாதீர்கள். அரிசி களைந்து ஊறப்போட, மாவு ஆட்ட, இரண்டரை மணிக்கு எழுந்து அவிக்க, சட்னி சாம்பார் வைக்க, பாத்திரம் கழுவ என்று எனக்கு 7 மணி நேரம் வந்தது. அவர் விற்பது 5 மணி நேரம். பிள்ளைகள், துணி, மாமியாரின் மருந்து இதில் சேரவில்லை. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்களுக்கு நாளுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம் என்று வந்தது. என் நோட்டைப் பார்த்த பிறகு அந்த 299 எனக்குக் குறைவாகத்தான் பட்டது.

அடுத்த வாரம் பணம். 5 கிலோ அரிசிக்கும் ஒன்றேகால் கிலோ உளுந்துக்கும் எனக்கு 270 இட்லி வரும். நாலு இட்லி 30 ரூபாய் என்று விற்றால் ஏறக்குறைய 2,000. சாமான், தேங்காய், காஸ், கட்டிக்கொடுக்கிற காகிதம் எல்லாம் போக 960 நிற்கும். இதை அவருடைய 5 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 192. இரண்டு பேருடைய 12 மணி நேரத்தால் வகுத்தால் 80. சரி, 80தான் எங்கள் கூலி.

இந்த 80 தெரிந்ததும் பல விஷயம் தெளிவானது. மதியத்தில் ஒரு கார்மென்ட் பட்டறைக்குத் தாகா, அதாவது தைத்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல், வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சட்டைக்கு 1 ரூபாய், மணிக்கு 25 சட்டை. சும்மா இருக்கிற நேரம்தானே என்று இரண்டு வருடம் வெட்டினேன்! இப்போது அந்த நேரத்தில் மாவு ஆட்டிப் பாக்கெட் போட்டு விற்கிறேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்த 25 ரூபாயையும் விட முடியாதவர்கள் உண்டு. அவர்கள் தனியாகப் போய்க் கூலி கேட்க வேண்டாம். எங்கள் சந்தில் ஆறு பேர் சேர்ந்து போய் ஒன்றரை ரூபாய் கேட்டார்கள், ஒன்றேகால் கிடைத்தது.

என் நேரத்தை அதிகம் தின்றது தண்ணீர். குழாயில் வருவதே கொஞ்ச நேரம், அப்போதுதான் அடுப்பில் இட்லியும் வேகும். எதிர் வீட்டுக் கோலி அக்கா (கோலி என்றால் இங்கத்திய மீனவர்) எனக்கு டிரம் நிரப்புகிறார். அவர் பேத்தியை நான் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிறேன். இதில் பணம் பேசாதீர்கள். ஒரு முறைக்கு ஒரு கோடு, ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து எண்ணுங்கள். அதற்கு முன்னால் இன்னொருத்தியோடு எழுதாமல் நம்பிக்கையில் செய்தேன். ஆறு மாதம் பேச்சு வார்த்தை இல்லை.

அப்புறம், நோட்டை வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். சண்டை நடக்கும்போது வேண்டாம். என்னவர் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறு வாரத்திலிருந்து தேங்காய் துருவுவது அவர் வேலை.

இ-ஷ்ரம் அட்டையும் எடுத்துவிடுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021 ஆகஸ்டில் வந்தது, 16 முதல் 59 வயது வரை பதியலாம். கட்டணம் கிடையாது, தெரியாமல் ஒரு கடையில் 100 ரூபாய் கொடுத்தேன். தொழில் என்ன என்று கேட்கும் இடத்தில் "சும்மா" என்று சொல்லிவிடாதீர்கள், செய்கிற வேலையைச் சொல்லுங்கள். ஆதாரோடு இணைத்த போன் நம்பர் உங்களுடையதாக இருக்கட்டும். என்னுடையது அவர் நம்பரில் இருந்தது. ஓடிபி வந்தபோது அவர் மாட்டுங்காவில் இட்லி விற்றுக்கொண்டிருந்தார்.