சும்மா நிற்கும் காடியை (காரை) விலை ஏறிய நேரத்தில் விற்கலாமா? கணக்குப் போடும் முறை

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் நிறைய வீடுகளில் இதே நிலைமைதான். வேலைக்கு மோட்டார் சைக்கிள் போதும். காடி கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரும். பழைய காடிக்கு நல்ல விலை என்று யாராவது சொன்னால் மனசு அலைபாயும். முடிவெடுக்குமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

படி 1: ஓட்டங்களை எழுதுங்கள்

கடந்த 12 மாதத்தில் காடி எங்கெல்லாம் போனது? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், வேறு வழி இருந்ததா என்றும் குறியுங்கள். சாமான் வாங்க மோட்டார் போதும். ஈப்போவுக்கு ரயில் இருக்கிறது. ஆனால் ராத்திரி 2 மணிக்கு மூச்சுத் திணறும் அம்மாவை மோட்டாரில் ஏற்ற முடியாது. அந்த நேரத்தில் தோட்டத்துக்குள் கிராப் டாக்சி வரும் என்று நம்பி நிற்கவும் முடியாது. என் நோட்டில் அப்படி வேறு வழியே இல்லாத ஓட்டம் மூன்று. என் முடிவு அந்த மூன்றில்தான் இருந்தது.

படி 2: நிற்பதற்கு ஆகும் செலவு

1,300 சிசி காடிக்குச் சாலை வரி 70 வெள்ளிதான் (ரிங்கிட்). மற்றதற்கு உங்கள் ரசீதுகளைப் பாருங்கள். ஓர் உதாரணம்: இன்சூரன்ஸ் 650, சர்வீஸ் 280, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றும் 250 வெள்ளி பேட்டரியில் பாதி 125. வரியோடு சேர்த்து 1,125 வெள்ளி. வருஷத்தில் 25 தடவை ஓடினால், பெட்ரோல் இல்லாமலே ஒரு தடவைக்கு 45 வெள்ளி. உங்கள் ஊர் வாடகைக் காடிக்காரர் கேட்கும் பணத்தை இதன் பக்கத்தில் எழுதுங்கள்.

பிறகு பானெட்டைத் திறந்து பாருங்கள். பேட்டரி முனையில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். ஒயரை எலி கடித்திருக்கலாம். செம்பனைக்குள் எலியைப் பிடிக்கவே ஆந்தைக்குக் கூண்டு வைக்கும் ஊர் இது. டயரின் ஓரத்தில் நான்கு எண் தெரியும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. பட்டை தேயாமல் இருந்தாலும் ரப்பர் கிழடாகிவிடும்.

படி 3: கைக்கு வரும் விலை

விளம்பரத்தில் பார்ப்பது கேட்கிற விலை. மூன்று இடத்தில் காடியைக் காட்டி, கொடுக்கிற விலையைக் கேளுங்கள். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் கழியுங்கள்.

அடுத்த கேள்விதான் முக்கியம்: இதை விற்றால் இன்னொன்று வாங்குவீர்களா? வாங்குவதாக இருந்தால், விலை ஏறியதில் உங்களுக்குப் பெரிய லாபம் இல்லை, வாங்கப்போவதும் ஏறித்தான் இருக்கும். 2021, 2022இல் சிப் தட்டுப்பாட்டால் புதுக் காடிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தோம். பழையதை விற்றுவிட்டுப் புதியதற்கு நின்றவர்கள் அந்த இடைவெளியில் தவித்தார்கள். திரும்ப வாங்கத் தேவையே இல்லாதவருக்குத்தான் ஏறிய விலை முழு லாபம். அவர் தாராளமாக விற்கலாம்.

படி 4: விற்பதென்றால்

புஸ்பாகோம் போன்ற நிலையத்தில் வாகனச் சோதனை, ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பெயர் மாற்றம் இரண்டும் முடியும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். நான் ஒரு பழைய மோட்டாரை, "அப்புறம் மாத்திக்கிறேண்ணே" என்ற பேச்சை நம்பிக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து சம்மன் என் பெயருக்கு வந்தது.

என்சிடியையும், அதாவது க்ளைம் செய்யாதவருக்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் கழிவையும், மறக்காதீர்கள். ஐந்து வருஷம் க்ளைம் இல்லாமல் சேர்த்தால் அது 55 விழுக்காடு வரை போகும். அது காடிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். உங்கள் பெயரில் வரும் அடுத்த காடிக்கு மாற்றிக்கொள்ளலாம். இன்சூரன்ஸை ரத்து செய்யும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

நான் விற்கவில்லை. அந்த மூன்று ஓட்டமும் அம்மாவுக்காக. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவை முன் சீட்டில் வைத்து, பட்டணம் வரை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறேன். பேட்டரி இறங்குவதில்லை.