தனியே நெடுந்தூர சைக்கிள் பயணம்: கிளம்பும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

மொத்தத் தூரம் 1,600 கிலோமீட்டர், கையில் இருக்கும் விடுமுறை 10 நாள், ஆக நாளுக்கு 160. தனியாக நீண்ட சைக்கிள் பயணம் போக நினைப்பவர்களில் பலருடைய திட்டம் இப்படி ஒரு வகுத்தல் கணக்கில்தான் தொடங்குகிறது. நானும் முதல் தடவை அப்படித்தான் போட்டேன். நான்காம் நாள் மதியம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அந்தக் கணக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். வகுத்தலில் பிழையே இல்லை. கிலோமீட்டரை வகுத்தேனே தவிர, ஒரு நாளில் எனக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

160 கி.மீ.யை நேரமாக மாற்றிப் பாருங்கள். சுமை ஏற்றிய சைக்கிள், சமதரையில், காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கி.மீ. போகிறது என்று வைத்துக்கொள்வோம். பெடல் சுற்றும் நேரம் மட்டும் 8 மணி. மணிக்கு ஒருமுறை 10 நிமிடம் நின்றால் அது ஒன்றேகால் மணிக்குக் குறையாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி. தண்ணீர் நிரப்ப, வழி பார்க்க, ஒரு பஞ்சர் ஒட்ட என்று முக்கால் மணி. காலை 6 மணிக்குக் கிளம்பியவர் மாலை 5 மணிக்குத்தான் இறங்குவார். இத்தனைக்கும் இது நல்ல நாள். எதிர்காற்று அடித்து வேகம் 16-க்கு இறங்கினால் மிதிக்கும் நேரமே 10 மணி, மொத்தம் 13. கடைசி ஒன்றிரண்டு மணி நேரம் இருட்டில்தான். நாளுக்கு எத்தனை கி.மீ. என்று முடிவு செய்யும் முன், அந்தப் பருவத்தில் அந்த இடத்தில் பகல் எத்தனை மணி நேரம் என்று பார்த்தீர்களா?

நேரம் போதவில்லை என்று தெரிந்ததும் எல்லோருக்கும் தோன்றுவது, கொஞ்சம் வேகமாக மிதிக்கலாம் என்பது. இதைவிட விலை அதிகமான வழி கிடையாது. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறும். 20-லிருந்து 22-க்குப் போனால் வேகம் பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. காற்றுக்காகச் செலவாகும் சக்தியோ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அதற்குக் கிடைக்கும் பலன் நாள் முழுவதற்கும் சேர்த்து 44 நிமிடம். எட்டு முறை நிற்பதை நான்காகக் குறைத்தால் 40 நிமிடம் சும்மாவே கிடைக்கிறது, மறுநாள் காலுக்கு வலியும் இல்லை.

பிரெவே எனப்படும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களின் கால வரம்பைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 200 கி.மீ.க்கு 13½ மணி, 600 கி.மீ.க்கு 40 மணி. சாப்பாடு, தூக்கம், பஞ்சர் எல்லாம் உட்பட மணிக்கு சுமார் 15 கி.மீ. வந்தால் போதும். 1891-இல் பந்தயமாகத் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற பிரெவே இன்று சுமார் 1,200 கி.மீ.; அதிகபட்ச வரம்பு 90 மணி. அதை முடிப்பவர்களில் நிறையப் பேர் சாதாரண வேகத்தில் ஓட்டுபவர்கள்தான். தேவையில்லாமல் இறங்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

தனிப் பயணத்துக்கே உரிய இன்னொரு தவறு, நண்பர்களோடு ஓட்டியபோது கிடைத்த சராசரி வேகத்தைத் திட்டத்தில் எழுதிக்கொள்வது. ஒருவர் பின்னால் ஒட்டி ஓட்டும்போது காற்றின் பெரும் சுமையை முன்னால் போகிறவர் வாங்கிக்கொள்கிறார். தனியே போனால் நாள் முழுக்க நீங்கள்தான் முன்னால். பம்ப், கருவிகள், முதலுதவிப் பெட்டி இவற்றைப் பங்கு போட்டுத் தூக்கவும் ஆள் இல்லை. சாதனையாளர்களின் எண்களைப் பார்த்து ஏமாறுவதும் இதே வகைதான். மார்க் போமான்ட் 2017-இல் 79 நாளுக்குள் சைக்கிளில் உலகைச் சுற்றினார். நாளுக்கு சுமார் 370 கி.மீ. அவருக்குச் சமைக்கவும் வழி பார்க்கவும் கூடவே ஒரு குழு வந்தது. அடுத்த ஆண்டு ஜென்னி கிரஹாம் உதவிக் குழு இல்லாமல், எல்லாவற்றையும் தானே சுமந்து சுற்றியபோது 124 நாள் ஆனது. இருவரும் அசாத்தியமானவர்கள். ஆனால் தனியே போகிற நமக்கு ஒப்பிட்டுப் பார்க்க உதவுவது இரண்டாவது எண்தான்.

பயிற்சிக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை 200 கி.மீ. ஓட்டிவிட்டு "160 தினமும் முடியும்" என்று நம்பிவிடுகிறோம். ஒரு நாள் ஓட்டத்தை ஏற்கெனவே சேர்த்து வைத்த சக்தியில் முடித்துவிடலாம். உண்மையான பரீட்சை மூன்றாம் நாள் காலையில், முழங்கால் விறைத்துக்கொண்டு, சீட்டில் உட்காரவே மனம் வராத நேரத்தில் நடக்கிறது. அதனால் புறப்படுவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பு, எல்லாச் சுமையோடும், தொடர்ந்து மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். தூரம் திட்டத்தில் உள்ளதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. மூன்றாம் நாளின் சராசரியை எடுத்துக்கொண்டு அதை வைத்து மொத்தத் திட்டத்தையும் திருத்துங்கள். முதல் நாள் எண்ணை மறந்துவிடுங்கள்.

அந்த மூன்று நாளில் உடம்பு தரும் புகார்களையும் குறித்துக்கொள்ளுங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்க வாய்ப்பு அதிகம். இடுப்பு இருபக்கமும் ஆடினால் சீட் உயரம் கூடுதல். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனால் உள்ளங்கை ஓரம் ஓடும் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்துகிறது. கை வைக்கும் இடத்தை அடிக்கடி மாற்ற வேண்டும், ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்தியும் பார்க்கலாம். மெத்தை வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக்கூடாது. இதைப் பலர் கூச்சத்தில் கேட்பதும் இல்லை, யாரும் சொல்வதும் இல்லை. தையல் மடிப்பு உரசிப் புண் வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். புதுச் சீட்டையும் புது ஷூவையும் பயணத்தின் முதல் நாளில் அறிமுகம் செய்துகொள்வதும் இதே கதியில்தான் முடியும்.

சாப்பாட்டில் நடக்கும் தவறு, பசிக்கட்டும் என்று காத்திருப்பது. உடம்பு மாவுச்சத்தாகச் சேர்த்து வைப்பது ஏறக்குறைய 2,000 கிலோ கலோரி. மணிக்கு 500 வீதம் செலவானாலும் 8 மணி ஓட்டத்துக்கு 4,000 ஆகிறது. கொழுப்பு ஓரளவு கைகொடுக்கும் என்றாலும், மாவுச்சத்து தீர்ந்துவிட்டால் கால் அப்படியே நின்றுவிடும். முதல் மணி நேரத்திலேயே தொடங்கி, மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து வரை சிறிது சிறிதாக உள்ளே போக வேண்டும். இதற்கு வயிற்றையும் பழக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் தண்ணீர். நாளெல்லாம் வியர்வை கொட்டும்போது வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, குழப்பம் என்று ஆபத்தில் முடியலாம். உப்பும் வேண்டும்.

சைக்கிளைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கிளம்புவதற்கு முந்தின நாள் சர்வீஸுக்கு விடாதீர்கள். புதிதாகப் போட்ட கேபிள் கொஞ்சம் தளரும். தேய்ந்த பல்சக்கரத்தில் மாட்டிய புதுச் செயின் அழுத்தி மிதிக்கும்போது தாவும். இதெல்லாம் ஏற்றத்தில், ஆளில்லாத சாலையில்தான் தெரியவரும். இரண்டு வாரம் முன்பே வேலையை முடித்து 200 கி.மீ.யாவது ஓட்டிவிடுங்கள். எடுத்துப்போகும் பொருட்களில், எங்கும் கிடைக்கிற டியூபை எல்லோரும் நினைவாக எடுத்துக்கொள்கிறார்கள். பின் கியர் மாற்றியை ஃபிரேமோடு இணைக்கும் ஹேங்கர் என்ற சிறு துண்டை மறந்துவிடுகிறார்கள். சைக்கிள் ஒருமுறை வலப்பக்கம் சாய்ந்து விழுந்தாலே அது வளையலாம். மாடலுக்கு மாடல் வடிவம் வேறு என்பதால் வழியில் இருக்கிற கடையில் கிடைப்பது அதிர்ஷ்டம். உங்கள் சக்கரத்துக்குச் சரியான நீளத்தில் இரண்டு மூன்று ஸ்போக் கம்பிகளும் அப்படித்தான். எடையைக் குறைக்க வேண்டுமா, நான்காவது சட்டையை எடுத்து வெளியே வையுங்கள்.

வழித்திட்டத்தில் தூரத்தை மட்டும் பார்ப்பது அரைப் பார்வை. 120 கி.மீ.யில் 2,000 மீட்டர் ஏற்றம் இருந்தால் அது சமதரை 160-ஐவிடக் கடினமான நாள். வரைபடச் செயலி காட்டும் நேரத்துக்கு உங்கள் மூட்டையின் எடை தெரியாது. அந்த மாதத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்று பார்த்து, முடிந்தால் பயணத்தையே தலைகீழாகத் திருப்பிக்கொள்வது புத்திசாலித்தனம். ஐந்து, ஆறு நாளுக்கு ஒன்றைக் காலியாக விடுங்கள். எல்லா இரவுக்கும் முன்பே அறை எடுத்துவிட்டால் அந்தக் காலி நாளை நகர்த்த முடியாது, அது வேறு விஷயம்.

தனியே போகிறவர் முடிவெடுக்கும் நேரம்தான் ரொம்பச் சிக்கல். சாயங்காலம் 6 மணி, இன்னும் 30 கி.மீ., கண் சொருகுகிறது. "போதும், இங்கேயே தங்கலாம்" என்று சொல்ல அருகில் யாரும் இல்லை. களைத்த மூளை "இன்னும் கொஞ்சம்தானே" என்றுதான் சொல்லும். எனவே விதியை வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள்: இத்தனை மணிக்குள் இந்த ஊரைத் தாண்டவில்லை என்றால் அங்கேயே நிறுத்தம். வீட்டில் ஒருவரிடம் வழித்தடமும், தினமும் எத்தனை மணிக்குச் செய்தி வரும் என்பதும் இருக்கட்டும். செய்தி வராவிட்டால் எத்தனை மணி நேரம் பொறுப்பது, அதற்குப் பிறகு யாருக்குப் போன் செய்வது என்பதையும் அவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத பகுதி எந்த நாளில் வருகிறது என்பதையும் அந்தத் தாளில் குறித்துக் கொடுத்துவிட்டால், அன்று இரவு அவர் வீணாகப் பதறமாட்டார்.