மனிதரைத் தொடும் ரோபோவுக்கு நிதி கேட்பது எப்படி

பக்கவாதம் வந்தவர்களின் கையைப் பிடித்து அசைக்கும் கருவிகளில்தான் என் வேலை. நிதி விண்ணப்பம் எழுத வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: கருவி மனிதரைத் தொடும்போது நடப்பதில் உங்களுக்குப் புரியாதது எது? "குறைந்த விலையில் ரோபோ கை செய்வோம்" என்பது தயாரிப்புத் திட்டம். "கருவி தாங்கத் தாங்க நோயாளி தன் முயற்சியைக் குறைத்துக்கொள்கிறாரா, எவ்வளவு உதவியில் அது தொடங்குகிறது?" என்பது ஆராய்ச்சி. அதை முதல் பத்தியிலேயே வையுங்கள்.

அடிப்படைக் கேள்வி என்றால், ஆராய்ச்சிக்கு நிதி தரும் மத்திய அரசு அமைப்பான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு எழுதுங்கள். 2023 சட்டத்தின்படி வந்தது. முன்பு நிதி தந்துவந்த செர்ப் (அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம்) இதற்குள் சேர்ந்துவிட்டது. மனிதரோடு சேர்ந்து இயங்கும் ரோபோ என்றால் ஐஐடி டெல்லியின் கோபாட்டிக்ஸ் மையத்தையும் பாருங்கள்.

அப்புறம், மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறை வழிகாட்டுதல்களைப் படித்துவிட்டு எழுதுங்கள். உங்கள் பொறியியல் கல்லூரியில் குழு இல்லையென்றால் ஒரு மருத்துவமனையைக் கூட்டாளியாக்குங்கள். அங்குள்ள பிசியோதெரபிஸ்ட் இணை ஆய்வாளராக வரட்டும். நோயாளியின் தோளை தினமும் தொடுபவர் இல்லாத விண்ணப்பத்தை நான் நம்புவதில்லை.

"பாதுகாப்பானது" என்று மட்டும் எழுதாதீர்கள். 2016இல் வந்த ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066 என்ற சர்வதேசத் தர ஆவணம், ரோபோ மனிதரைத் தொடும்போது உடலின் பகுதிவாரியாக விசை, அழுத்த வரம்புகளைத் தருகிறது. அது தொழிற்சாலை ரோபோக்களுக்கானது. உணர்ச்சி குறைந்த கைக்கு வரம்பை இன்னும் கீழே வையுங்கள், காரணத்தையும் எழுதுங்கள்.

பட்ஜெட்டில் விசை சென்சாரை யாரும் மறப்பதில்லை. நோயாளிக்கும் கூட வருபவருக்கும் பயணச் செலவு, ஒருநாள் கூலி இழப்புக்கான ஈடு, இவற்றைத் தனி வரியாகச் சேருங்கள்.