வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து எதற்கு?

பேருந்து நிலையத்தில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால், கூட்டத்தில் முதலில் எழும் குரல் "இரும்பு ஏதாவது குடுங்கப்பா, சாவி இருக்கா?" என்பதுதான். ஆட்டோக்காரர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார். பூக்காரம்மா கத்தரியை நீட்டுவார். இரண்டு பேர் காலை அமுக்கிப் பிடிப்பார்கள். சற்று நேரத்தில் உதறல் அடங்கும். இரும்புதான் நிறுத்தியது என்று நம்பிக் கூட்டம் கலையும். அத்தனை பேரும் உதவத்தான் ஓடி வந்தார்கள் என்பதால்தான் இதை விளக்கிச் சொல்லத் தோன்றுகிறது.

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை மின்துடிப்பாலும் வேதிப்பொருள்களாலும் பேசிக்கொள்கின்றன. அவற்றில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் தூண்டிவிடும், காபா என்ற இன்னொன்று அடக்கிவைக்கும். இந்தச் சமநிலை குலைந்து, ஏராளமான அணுக்கள் ஒரே நேரத்தில் துடித்தால் அதுதான் வலிப்பு. கை கால்களை அசைக்கும் பகுதிக்கு அந்தத் துடிப்பு பரவும்போது உடல் விறைக்கிறது, வெட்டி வெட்டி இழுக்கிறது. பெரும்பாலும் 1 முதல் 3 நிமிடத்துக்குள் மூளையே அதை அடக்கிவிடும். சாவி தேடிக் கொண்டுவரவும் அவ்வளவு நேரம்தான் ஆகிறது!

சாவியால் பெரிய கெடுதல் இல்லை என்று விட்டுவிடலாம், வாயில் கரண்டி வைப்பதை விட முடியாது. நாக்கை விழுங்கிவிடுவார் என்ற பயத்தில் செய்கிறார்கள். நாக்கு அடிவாயோடு தசையால் பிணைந்தது, அதை யாராலும் விழுங்க முடியாது. ஓரத்தில் கடிபட்டாலும் புண் ஆறிவிடும். ஆனால் தாடைத் தசை முழு விசையோடு இறுகும்போது நடுவில் கரண்டி இருந்தால் பல் உடையும், உடைந்த துண்டு மூச்சுக்குழாய்க்குள் போகலாம். தண்ணீரோ சோடாவோ ஊற்றினாலும் அப்படித்தான், நினைவில்லாதவருக்கு அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அமுக்கிப் பிடித்தால் தோள்மூட்டு நழுவலாம்.

தலைக்கடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சில் வெளியே வடியும். 5 நிமிடம் தாண்டினாலோ, தெளிவதற்குள் அடுத்தது வந்தாலோ, கர்ப்பிணி என்றாலோ, இதுதான் முதல் முறை என்றாலோ 108ஐ அழையுங்கள். கண் விழித்த பிறகும் கொஞ்ச நேரம் குழப்பமாகவே இருப்பார். "பேர் என்ன, ஊர் என்ன" என்று துளைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும்.

விழுந்து உதறினால்தான் வலிப்பு என்று நினைப்பது இன்னொரு தவறு. வகுப்பில் எழுதிக்கொண்டிருக்கும் குழந்தை திடீரென்று பத்து நொடி வெறித்துப் பார்க்கும், பென்சில் அப்படியே நிற்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து எழுதும். ஒரே நாளில் பலமுறை இப்படி நடந்தால் அது கவனக்குறைவாக இருக்காது. காதுக்கும் நெற்றிக்கும் இடையிலுள்ள பொட்டுப் பகுதியை ஒட்டிய மூளைமடலில் தொடங்கும் வலிப்பில் சிலர் வாயைச் சப்புவார்கள், சட்டை நுனியைக் கசக்குவார்கள், கூப்பிட்டால் பதில் வராது. காத்துக்கருப்பு என்று மந்திரிக்கப் போகும் முன் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

மாத்திரை விஷயத்தில் நடக்கும் தவறுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. ஆறு மாதம் வலிப்பு வரவில்லை என்றதும் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். வராமல் இருந்ததே மாத்திரையால்தான். திடீரென்று நிறுத்தினால் அடங்காத வலிப்பு அடுக்கடுக்காக வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொதுவாக இரண்டு ஆண்டுகளாவது வலிப்பின்றி இருந்த பிறகே, மருத்துவர் யோசித்து, சிறுகச் சிறுகக் குறைப்பார். கருத்தரிக்க நினைக்கும் பெண்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும், சில மாத்திரைகளை மாற்ற வேண்டியிருக்கும்.

கல்யாணம் என்று வந்தால் மறைக்கச் சொல்வது வீட்டார்தான். வலிப்பு இருந்தால் திருமணம் கூடாது என்றிருந்த வாசகம் இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999இல் நீக்கப்பட்டுவிட்டது. மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண், புகுந்த வீட்டில் யாரும் பார்க்காத நேரம் தேடி மாத்திரை போடுகிறாள், ஒரு வேளை தவறுகிறது, தூக்கமும் கெடுகிறது. இவை இரண்டுமே வலிப்பைக் கூப்பிடுபவை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். போன வீட்டில் அவள் மாத்திரை டப்பா அலமாரியில் வெளிப்படையாக இருக்கட்டும்.