சுவர்க் கடிகாரம் நாளுக்கு எத்தனை நொடி தவறுகிறது? கண்டுபிடிக்கும் முறை

பினாங்கில் பல வீடுகளில் கூடத்துக் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடும். கேட்டால், "வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறோம்" என்பார்கள். அந்தப் பத்து நிமிடம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மனத்துக்குள் கழித்துவிட்டு வழக்கமான தாமதத்தோடுதான் கிளம்புவார்கள். எனக்கு அது ஆகாது. என் வீட்டுக் கடிகாரம் நொடி சுத்தமாக ஓட வேண்டும். கிறுக்கு என்றாலும் சரி, செலவில்லாத கிறுக்கு. கைப்பேசி, மடிக்கணினி, பேட்டரிக் கடிகாரம், பென்சில் போதும்.

முதலில் ஒப்பிடுவதற்குச் சரியான நேரம் வேண்டும். கைப்பேசி அமைப்பில் நேரம் தானாகச் சரியாகும்படி வைத்திருந்தால் அதுவே போதும். தொலைக்காட்சியை நம்பாதீர்கள், டிஜிட்டல் ஒளிபரப்பு வீடு வந்து சேரச் சில நொடிகள் பிந்தும். உச்சி வெயிலையும் நம்பாதீர்கள். 1982 ஜனவரி 1 முதல் மலேசியத் தீபகற்பத்தின் நேரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. அதனால் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனில் சூரியன் உச்சிக்கு வர ஏறத்தாழ 1.20 ஆகிவிடுகிறது.

அடுத்து, கடிகாரத்தைப் பொருத்துவது. நொடி முள் 12-ஐத் தொடும்போது பேட்டரியைக் கழற்றுங்கள். பின்புறத் திருகைச் சுழற்றி, நிமிட முள்ளை வரப்போகும் நிமிடக் கோட்டின் மேல் துல்லியமாக நிறுத்துங்கள். திருகை முன்னோக்கியே சுழற்றி முடிக்க வேண்டும். பின்னோக்கி இழுத்து நிறுத்தினால் பற்சக்கரங்களின் இடைவெளியால் முள் பிசகி நிற்கும். கைப்பேசியில் அந்த நிமிடம் பிறக்கும் கணத்தில் பேட்டரியைச் செருகுங்கள். முதல் துடிப்பில் முள் சில சமயம் அசையாது. அந்த ஒரு நொடிக்காக மறுபடியும் கழற்ற வேண்டாம், குறித்துக்கொண்டால் போதும்.

குறிப்பதுதான் இதில் முக்கியமான வேலை. நேரத்தைத் திருத்தி வைப்பதை யாரும் செய்துவிடலாம்; கடிகாரத்தின் போக்கை அறிவது வேறு. மடிக்கணினித் திரையில் நொடியோடு நேரம் தெரியும்படி வைத்து, கடிகாரமும் திரையும் ஒரே சட்டத்தில் விழ வீடியோ எடுங்கள். பிறகு நிறுத்திப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். முந்தினால் கூட்டல் குறி, பிந்தினால் கழித்தல் குறி போட்டு நாள்காட்டித் தாளில் எழுதுங்கள். தொடக்கத்தில் +1, இருபது நாள் கழித்து −7 என்றால் 8 நொடி இழந்திருக்கிறது: நாளுக்கு 0.4, மாதத்துக்கு 12. இப்படிப் பேட்டரியில் ஓடும் சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்கு 15, 20 நொடி தவறுவது இயல்பு. உங்களுடையது நல்ல கடிகாரம்தான். ஒரே சீராகத் தவறும் கடிகாரத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஒரு வாரம் முந்தி, மறுவாரம் பிந்தினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்போது முதலில் சுவரைப் பாருங்கள். உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அது 25 டிகிரி செல்சியஸை ஒட்டி ஓடும்படி செய்யப்பட்டது. சூடு ஏறினாலும் குளிர் ஏறினாலும் மெதுவாகும். மாலை வெயில் அடிக்கும் மேற்குச் சுவரில் 35 டிகிரி ஏறினால், 25 டிகிரியில் ஓடியதைவிட நாளுக்கு ஏறத்தாழ 0.3 நொடி குறையும். எதிர்ச் சுவருக்கு மாற்றிவிடுங்கள். பிறகு பேட்டரி. நொடி முள் 9-க்கு அருகே ஏற முடியாமல் அங்கேயே துடித்துக்கொண்டிருந்தால் பேட்டரி தீர்ந்துவருகிறது என்று பொருள். முள்ளைத் தூக்க அதிக விசை தேவைப்படும் இடம் அதுதான். உடனே மாற்றுங்கள். தீர்ந்த பேட்டரி உள்ளேயே கிடந்து கசிந்தால் தகடு அரித்துப்போகும்.

தாத்தா காலத்துச் சாவிக் கடிகாரம் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான், திருத்தம் மட்டும் வேறு. ஊசல் குண்டின் கீழே ஒரு சிறு நட்டு இருக்கும். அதைத் திருகிக் குண்டை உயர்த்தினால் வேகம், இறக்கினால் மெதுவு. எஃகுத் தண்டு சூட்டில் நீள்வதால் ஒவ்வொரு டிகிரிக்கும் நாளுக்கு அரை நொடி குறையும். ஆகவே நொடி சுத்தத்தை இதனிடம் எதிர்பார்க்காதீர்கள். நட்டைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாமல், ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு அளந்த பிறகே மறுபடி கைவையுங்கள். எட்டு நாள் சாவி என்றால் வாரந்தோறும் ஒரே கிழமையில் சாவி கொடுங்கள்; சுருள்வில் தளரத் தளர ஓட்டமும் மாறும்.