பினாங்கின் போர்க்காலக் காப்பரண்கள்: பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பினாங்குத் தீவின் தென்கரையில், ஒரு கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீட்டின் கொல்லைப்புறத்தில், ஆள் உயரத்துக்குச் சற்றே மேற்பட்ட கான்கிரீட் அறை ஒன்று நிற்கிறது. வாசலில் கம்பி வலை அடித்து வீட்டுக்காரர் கோழி அடைக்கிறார். உள்ளிருந்து துப்பாக்கி நீட்டிச் சுடுவதற்கான சுடுதுளையில் தென்னை மட்டை செருகியிருக்கிறது. மலாய்க்காரர்கள் அதைக் குபு என்கிறார்கள். நம்மவர்களிடம் விசாரித்தால், கேட்டு முடிப்பதற்குள் "அது ஜப்பான்காரன் கட்டினது" என்று பதில் வந்துவிடும். அந்தப் பதிலை அப்படியே குறித்துக்கொள்வதுதான் இத்தகைய இடங்களைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு.

தீவின் கரையோரக் காப்பரண்களையும் தீவின் தென்கிழக்கிலுள்ள பத்து மாவுங் குன்றின் கோட்டையையும் இரண்டாம் உலகப் போர் இங்கே வருவதற்கு முன்பே எழுப்பியவர்கள் பிரிட்டிஷார். எதிரி கடல்வழியாக வருவான் என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஜப்பானியப் படையோ 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவிலும் தென் தாய்லாந்துக் கரையிலும் இறங்கி, கெடா வழியாகத் தரைமார்க்கமாக வந்தது. 11ஆம் தேதி தீவின் தலைநகரான ஜார்ஜ்டவுன் மீது குண்டுகள் விழுந்தன. அடுத்த சில நாள்களில் ஐரோப்பியர்கள் இரவோடு இரவாக வெளியேற்றப்பட, ஊர் மக்கள் கைவிடப்பட்டனர். ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்துதான் கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றினார். 19ஆம் தேதி ஜப்பானியர் தீவுக்குள் நுழைந்தபோது அவர்களை எதிர்த்து நிற்கப் படை இல்லை. பிற்பாடு அந்த அரண்கள் அவர்கள் கைக்குப் போனது உண்மைதான். அதற்காக வாடகைக்கு இருந்தவரை வீடு கட்டியவராக்கிவிட முடியாது.

இந்த வரலாறு தெரியாமல் போவதால் இரண்டாவது தவறு நேர்கிறது. சுவரில் காணும் பள்ளங்களைக் காட்டி, "இதோ குண்டு பாய்ந்த அடையாளம்" என்று படம் எடுத்துப் பகிர்கிறார்கள். தரைப்போரே நடக்காத ஒரு கரையில் அத்தனை துப்பாக்கிக் குண்டுகள் எங்கிருந்து வந்தன என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும். பள்ளத்தின் அடியில் விரலை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் செம்பழுப்பாகப் பொரிந்த கம்பி தட்டுப்படும். உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கி இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும் என்பதால், உள்ளிருந்து தள்ளி மேற்பூச்சைச் சில்லுச் சில்லாக உதிர்க்கிறது. கம்பி ஓடும் வரிசையிலேயே பள்ளங்களும் அமைந்திருந்தால் அது துருவின் வேலை என்று துணிந்து சொல்லலாம். கடும் சண்டை நடந்த கோத்தா பாரு கரையில் நிற்கும் காப்பரண்களின் கதை வேறு. அங்கே தெரியும் தழும்புகளைப் பினாங்குக்கு இரவல் வாங்கக் கூடாது.

சுடுதுளை நேராகக் கடலைப் பார்க்கவில்லை என்றதும் "இது கரைக்காவல் அரண் அல்ல" என்று முடிவு கட்டுவதும் தவறே. கரையில் இறங்குகிறவர்களைப் பக்கவாட்டிலிருந்து, கரையின் நீளத்துக்குச் சுடும்படி துளைகளைச் சாய்த்து வைப்பது வழக்கமான உத்தி. போதாக்குறைக்குக் கரைக்கோடும் இந்த எண்பது ஆண்டுகளில் பல இடங்களில் நகர்ந்திருக்கிறது. கோழி வளர்க்கும் அந்த வீட்டுக்காரரிடம் முன்பு கடல் எதுவரை வந்தது என்று கேட்டேன். வேலியோரத்துப் பலா மரத்தைக் காட்டினார்.

கரையிலிருந்து வெகுதொலைவில், ரப்பர் தோட்டத்திலோ புதுக்கிராமத்து (அவசரகாலத்தில் மக்களைக் குடியமர்த்திய வேலியிட்ட ஊரின்) நுழைவாயிலிலோ சுடுதுளை வைத்த சிறு கட்டடம் தென்பட்டால், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தை முதலில் நினைக்க வேண்டும். முள்கம்பி வேலி, காவல் சாவடி, சாலைச் சோதனை எல்லாம் மலிந்திருந்த காலம் அது. ஜப்பான் காலத்தையும் அவசரகாலத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் நம் பெரியவர்களின் நினைவில் இவ்விரண்டும் கலந்துவிடுவது இயல்பு. எழுதுகிறவர்தான் பிரித்துக் கேட்க வேண்டும்.

சாலைத் தடைகளைத் தேடுகிறவர்கள் கான்கிரீட்டை மட்டுமே தேடி ஏமாறுகிறார்கள். மரமும் கம்பியும் போட்டு அடைத்த தடைகள் போர் முடிந்ததும் அகற்றப்பட்டன, அல்லது மக்கிப் போயின. பின்வாங்கிய படை தகர்த்த பாலத்தின் அடிக்கால்கள், பேராக் மாநிலத்துக் கம்பார் மேட்டில் உள்ளதைப் போன்ற பதுங்கு குழிகளின் மண் பள்ளம் ஆகியவையே நிலத்தில் எஞ்சக்கூடிய தடயங்கள்.

பாசியைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்து "அழகுபடுத்துவது" நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல். கான்கிரீட்டை வார்க்க அடைத்த பலகைகள் பதித்துவிட்டுப் போன மர ரேகைகள் வரை அதில் மறைந்துபோகும். உலோகங்காணிக் கருவியுடன் தோண்டுவதோ ஆபத்து. பாரம்பரிய மதிப்புள்ளதாகத் தோன்றும் பொருளைக் கண்டெடுப்பவர் பாரம்பரிய ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம். துருவேறிய குண்டு போன்ற எதுவும் கண்ணில் பட்டால், அதைத் தொடாமல், நகர்த்தாமல், வந்த வழியே திரும்பி நடந்து, தொலைவிலிருந்து 999க்கு அழையுங்கள்.